யானை நிற்கிற இடம்

யூலை 3, செவ்வாய்

இவர் என்ன சாப்பிட்டார், யாரை மறந்தார், எப்போது கோபப்பட்டார் என்று தினமும் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறார் டொக்டர். அடுத்த முறை போகும்போது கொண்டுபோய்க் காட்ட வேண்டுமாம்.

சாப்பாடு: இரண்டு தோசை, கொஞ்சம் சம்பல். மறந்தது: என்னை. கோபம்: அவருக்கு வரவில்லை.

காலையில் பல்கனிக் கதிரையில் இருந்துகொண்டு, "சறோசா, தேத்தண்ணி எங்கை?" என்று கூப்பிட்டார். சறோசா இவருடைய முதல் மனைவி. இவர் சாம்பியாவில் கணக்கு வாத்தியாராக இருந்த காலத்தில் அங்கேயே மூளைக்காய்ச்சலில் செத்துப்போனாள். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது, ஐங்கரன் கைக்குழந்தை. நான் தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சீனி காணாது என்றார். கூப்பிடுவது அவளை, குறை சொல்வது என்னை. இதையெல்லாம் டொக்டருக்குக் காட்ட வேண்டுமா தெரியவில்லை.

யூலை 8, ஞாயிறு

சாப்பாடு நன்றாகச் சாப்பிட்டார். மறதி குறைவு.

ஐங்கரனுடைய கலியாணம் முற்றாகிவிட்டது. பெண்ணின் பெயர் தர்சிகா, தெகிவளையில் வீடு. கெட்டிக்காரி, கண்ணைப் பார்த்துக் கதைக்கிறாள். எனக்குப் பிடித்துவிட்டது. ஆவணியில் நாள் வைத்திருக்கிறார்கள். கலியாணம் முடிந்த கையோடு இரண்டு பேரும் மெல்பேர்ணுக்குப் போகிறார்கள்.

தாலிக்குப் பொன்னுருக்குவது மாப்பிள்ளை வீட்டு வேலை. எங்களுடைய இந்த வெள்ளவத்தை பிளட்டில்தான் செய்ய வேண்டும். நாலாம் மாடியில் நகை செய்கிற பத்தர் நெருப்பு மூட்டினால் காவல்காரன் என்ன சொல்வானோ. ஊரில் எத்தனையோ பொன்னுருக்குக்குப் போய்ப் பலகாரம் சாப்பிட்டு வந்திருக்கிறேன். என்னுடையதை மட்டும் நான் பார்க்கவில்லை. பெண்ணை அதற்குக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. பொன் உருக்கினால் தாலி கட்டும்வரை இரண்டு பேரும் முகம் பார்க்கவும் கூடாது. இந்த முறை மாப்பிள்ளையின் தாயாக முன்னுக்கு நிற்கப் போகிறேன். நினைக்கச் சந்தோஷமாக இருக்கிறது, கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

உருக்க வேண்டிய காசு எது என்பது எப்போதோ முடிவான விஷயம். யானைக் காசு.

இவரிடம் தங்கக் காசுகள் இருக்கின்றன. எல்லாம் ஆபிரிக்க மிருகங்கள் போட்டவை. அந்த நாட்களில் பள்ளிக்கூட லீவு விட்டால் இவரும் சறோசாவும் ஆற்றங்கரைக் காட்டுக்குப் போய்க் கூடாரத்தில் தங்குவார்களாம். அவள் எந்த மிருகத்தைக் கண்ணால் கண்டாளோ அந்த மிருகம் போட்ட தங்கக் காசு ஒன்றை இவர் எங்கேயாவது தேடி வாங்கிக் கொடுக்க வேண்டும். அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு. சிறுத்தை, மான், காட்டு நாய், கழுதைப்புலி. கழுதைப்புலியைத் தங்கத்தில் அடிக்க ஒரு அரசாங்கத்துக்கு எப்படி மனம் வந்ததோ. அவள் செத்த பிறகும் இவர் விடவில்லை. லண்டனில் இருந்த சிநேகிதர் மூலமாகச் சிங்கம் வந்தது, எருமை வந்தது, காண்டாமிருகம் வந்தது. அவள் கண்டும் வாங்கிக் கொடுக்க முடியாமல் போனவையாம். ஒவ்வொரு மிருகமும் வீட்டுக்கு வந்த நாளில் நான் இவருக்குப் பிடித்த இறாலை வாங்கிச் சமைத்தேன்.

நான் கலியாணம் முடித்து வந்த மறுநாள் சறோசாவின் தாய் பேரனைப் பார்க்க வந்தார். என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"பிள்ளை, தாயும் குட்டியும் நிக்கிற யானைக் காசு ஒண்டு இருக்கு. என்ரை மகள் தன்ரை பெடியன்ரை தாலிக்கெண்டு வைச்சது. வேறை ஒருத்தியின்ரை கை அதிலை படக்கூடாது."

இவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் சொல்லாமல் நிலத்தைப் பார்த்தார். காசுகள் இருக்கிற பெட்டியை நான் அன்றிலிருந்து தொட்டதில்லை. அது வங்கி லொக்கருக்குப் போகும்வரை மேலே தூசி தட்டக்கூடக் கை வைக்கவில்லை.

யூலை 9, திங்கள்

ஐங்கரன் வங்கியிலிருந்து பெட்டியை எடுத்து வந்தான். மேசையில் வைத்துத் திறந்தான். உள்ளே நீல வெல்வெட், ஒவ்வொரு காசுக்கும் ஒவ்வொரு குழி. நான் கதவடியில் நின்றுதான் பார்த்தேன். சிங்கம் இருந்தது, மான் இருந்தது, எல்லாம் இருந்தது. நடுக்குழி வெறுமையாக இருந்தது.

"அப்பா, யானை எங்கை?" என்று கேட்டான் ஐங்கரன்.

இவர் குழிக்குள் பெருவிரலை வைத்து ஒருமுறை தேய்த்தார். விரலில் தூசி ஒட்டியது.

"வீட்டிலைதான் நிக்குது. அது ஒரு நாளும் வெளியிலை போகேல்லை" என்றார்.

ஒளித்து வைத்திருக்கிறார். போன மாதம் தன்னுடைய கண்ணாடியைக் குளிர்பெட்டிக்குள் வைத்தவர்தானே. தேடினால் கிடைத்துவிடும்.

யூலை 15, ஞாயிறு

சாப்பாடு: புட்டும் மீன் குழம்பும். மறந்தது: ஐங்கரனைத் தன்னுடைய தம்பி என்றார். கோபம்: பெட்டியைப் பூட்டியதற்கு.

ஐங்கரன் பெட்டியைப் பூட்டிச் சாவியை என்னிடம் தந்தான். குழந்தை மாதிரித் தேம்பித் தேம்பி அழுதார். டொக்டரைத் தொலைபேசியில் கேட்டேன். காசுகளைக் கையில் வைத்திருந்தால் அமைதியாக இருப்பார் என்றால் கொடுங்கள், வீட்டுக் கதவை மட்டும் பூட்டி வையுங்கள் என்றார். சாவியைக் கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு காசையும் கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலால் தேய்த்துப் பார்க்கிறார். தேய்த்த உடனே பெயரைச் சொல்கிறார். அதில் ஒரு மறதியும் இல்லை.

யூலை 19, வியாழன்

அரிசி வாளிக்குள் சிங்கம் இருந்தது. கழுவும்போது கையில் தட்டுப்பட்டது. இல்லாவிட்டால் அவித்திருப்பேன்.

யூலை 21, சனி

ஐங்கரனின் சப்பாத்துக்குள் சிறுத்தை. தயிர்ச் சட்டிக்குள் எருமை, இதற்காவது ஒரு நியாயம் இருக்கிறது. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நான் செய்யேல்லை. சறோசா மேய விடுறாள்" என்றார்.

மெத்தையைப் புரட்டினேன், மாவுப் பேணிகளைக் கொட்டினேன், சாமிப்படங்களுக்குப் பின்னால் பார்த்தேன். யானை இல்லை.

யூலை 24, செவ்வாய்

இன்று பின்னேரம் விளக்கேற்றப் போகும்போது பல்கனி நிலத்தில் வெண்கலக் கிண்ணம் இருந்தது. நிறையத் தண்ணீர். இவர் கிண்ணத்தைச் சுற்றிக் காசுகளை வட்டமாக வைத்திருந்தார். சத்தம் போடாதே என்று உதட்டில் விரல் வைத்தார்.

"இருட்டுப்படுற நேரம் மிருகங்கள் தண்ணிக்கு வருங்கள். ஆடாமல் இரும்."

நானும் இருந்தேன். கீழே கடற்கரைப் பக்கமாக ரயில் போனது. கிண்ணத்துத் தண்ணீர் நடுங்கியது. வட்டத்தில் கடலைப் பார்த்த பக்கம் ஓர் இடைவெளி விட்டிருந்தார். அது யாருக்கு என்று கேட்டேன்.

"யானைக்கு. அது கடைசியாத்தான் வரும். அது வந்தால் மற்றதெல்லாம் விலகி இடம் விடும்" என்றார். பிறகு பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்கிற குரலில் சொன்னார்: "குட்டியின்ரை தாய் செத்தால் கூட்டத்திலை நிக்கிற வேறை ஒரு பெட்டை அதைக் கொண்டு நடக்கும். நானும் சறோசாவும் கண்டனாங்கள். குட்டிக்கு வித்தியாசம் தெரியாது."

இவ்வளவு நீளமாகக் கதைத்து எத்தனையோ நாளாகிவிட்டது. டொக்டருக்குச் சொல்ல வேண்டும்.

யூலை 25, புதன்

காலையில் கிண்ணத்துத் தண்ணீர் ஒரு விரலளவு குறைந்திருந்தது. காகம் குடித்திருக்கும்.

யூலை 28, சனி

இன்றும் குறைந்திருந்தது. பல்கனிக் கதவை நான் பூட்டிக் கிண்ணத்தை உள்ளே, விறாந்தையில் வைத்திருந்தேன். காகம் இல்லை. காற்றில் வற்றுகிற அளவும் இல்லை. இவர் எழும்பிக் குடித்திருப்பார். குடித்தீர்களா என்று கேட்டால் சிரிக்கிறார்.

ஓகஸ்ட் 1, புதன்

இதை டொக்டருக்குக் காட்டப்போவதில்லை. இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் கொண்டுபோவேன்.

விடிந்து வெளிச்சம் வந்த பிறகு எழும்பி வந்தேன். கிண்ணத்தடியிலிருந்து ஐங்கரனின் அறைக் கதவுவரை ஈரக் கால் தடங்கள். சின்னக் கால். இவருடைய பாதம் அகலம், விரல்கள் கோணல். ஐங்கரன் நேற்றிரவு கண்டியில் வேலையாக நின்றான். நான் துணி எடுத்துவந்து குனிவதற்குள் பாதி காய்ந்துவிட்டது. மிச்சத்தைத் துடைத்தேன். துணியை முகர்ந்து பார்த்தேன். வெறும் தண்ணீர்தான்.

ஐங்கரனின் அறைக்குள் சறோசாவின் படம் தொங்குகிறது. கட்டைக் கை பிளவுஸ், வெயிலுக்குச் சுருக்கிய கண். நான் அவளை அக்கா என்றுதான் சொல்வேன். இப்போது எனக்கு மகளாக இருக்கலாம், அவ்வளவு இளசு. படத்துக்கு முன்னால் நின்று, "அக்கா, பிள்ளையைப் பாக்க வந்தனீங்களோ, காசைப் பாக்க வந்தனீங்களோ? எதெண்டாலும் எனக்குச் சொல்லிப்போட்டு வாங்கோ. எனக்கு நெஞ்சு இடிக்குது" என்று சொன்னேன். சொல்லிவிட்டு அங்கேயே நிலத்தில் இருந்து அழுதேன். ஏன் அழுதேன் என்று தெரியவில்லை.

ஓகஸ்ட் 4, சனி

சாப்பாடு: சாப்பிடவில்லை. கோபம்: ஆம்.

விளக்கேற்றிவிட்டு இவருக்குப் பக்கத்தில் இருந்தேன். காசுகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று என் கழுத்தில் கை வைத்தார். தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தார். தாலி வெளியே வந்தது. அதைக் கைக்குள் பொத்திக்கொண்டு, "இதைத் தாரும். சறோசான்ரை. தாரும் இதை" என்றார். கொடி பின்கழுத்தில் வெட்டியது. கையை விரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. இந்த வயதில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது. பெருவிரலால் தாலியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தானாகவே விட்டுவிட்டு அழத் தொடங்கினார்.

கழுத்தில் தோல் உரிந்திருக்கிறது. மஞ்சள் பூசினேன். ஐங்கரனிடம், தலை இழுக்கும்போது சீப்புக் கீறிவிட்டது என்றேன். இனித் தாலியைச் சட்டைக்கு உள்ளே வைத்து ஊசி குத்திக்கொள்ள வேண்டும்.

எனக்கு வலித்தது கழுத்து அல்ல. இவ்வளவு காலம் நான் கட்டியிருக்கிற தாலியையும் அவளுடையது என்று சொல்லிவிட்டாரே.

ஓகஸ்ட் 5, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை. இடியப்பம். தண்ணீர் குறைந்திருந்தது.

ஓகஸ்ட் 12, ஞாயிறு

தர்சிகா வீட்டிலிருந்து வந்து பொன்னுருக்குக்கு யார் யார் வருவார்கள் என்று கதைத்துவிட்டுப் போனார்கள். நிறை குடம், சிரட்டைக் கரி, வெற்றிலைத் தட்டம் எல்லாம் பேசி முடிந்தது. காசு பற்றிக் கேட்டார்கள். "யானைக் காசு, மங்களம், பிள்ளையார் மாதிரி" என்று பெண்ணின் பெரியப்பா சந்தோஷப்பட்டார். நானும் தலையாட்டினேன்.

அவர்கள் போன பிறகு ஐங்கரன் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, விடுங்கோ. மானை உருக்குவம். இல்லாட்டிச் செட்டித்தெருவிலை ஒரு பவுணை வாங்குவம். உருகினால் எல்லாம் ஒரே மஞ்சள்தானே."

"அது உன்ரை அம்மா உனக்கெண்டு வைச்சது."

"என்ரை அம்மா இஞ்சை கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு நிக்கிறா."

இப்படித்தான் சொல்வான். சொன்ன உடனே மனம் குளிரும், பிறகு ஒரு பயம் வரும், இதைக் கேட்டுக்கொண்டு யாராவது நிற்கிறார்களா என்று. வெட்டின கத்தரிக்காயைத் தண்ணீரில் போட மறந்து கறுத்துப்போனது.

நான் ஏன் யானையை விடுகிறேன் இல்லை என்று அவனுக்குத் தெரியாது. இங்கே எழுதுகிறேன். அந்தக் காசு கிடைத்தால், அவன் தாலிக்கு அதைக் கொடுத்துவிட்டு, "அக்கா, இந்தாருங்கோ உங்கடை காசு, உங்கடை பிள்ளை. நான் ஒண்டையும் எடுக்கேல்லை. இனிப் போங்கோ" என்று சொல்லலாம். அதற்குப் பிறகு இந்த வீட்டில் நான் மட்டும் இருப்பேன். கிடைக்காவிட்டால் அவள் போகமாட்டாள். இவரும் யானை இல்லாமல் வேறு எதையும் கையால் எடுத்துக் கொடுக்கமாட்டார். தகப்பன் கையால் பொன் கொடுக்க வேண்டும், சம்பந்தி வீட்டார் முன்னால். என்ன நடக்கப்போகிறதோ.

ஓகஸ்ட் 19, ஞாயிறு

எல்லா இடமும் தேடி முடிந்தது. பழைய தையல் மெசினின் வயிற்றையும் கழற்றிப் பார்த்தாகிவிட்டது.

இவருடைய அக்கா, அன்னலட்சுமி மச்சாள், யாழ்ப்பாணத்திலிருந்து பொன்னுருக்குக்கு வருகிறார். காது கேட்காது, தொலைபேசியில் ஒன்றும் கதைக்க முடியாது. அவருக்குப் படுக்கைக்கு இடம் செய்ய வேண்டும்.

ஓகஸ்ட் 23, வியாழன்

வட்டமாக வைத்த காசுகளுக்கு இடையில் அந்த இடைவெளி அப்படியே இருக்கிறது. நாளைக்குப் பொன்னுருக்கு. விளக்கேற்றிவிட்டுப் படத்தடியில் போய் நின்று, ஒரு நாளைக்கு மட்டும் தந்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். வெட்கமில்லாமல் கும்பிட்டேன்.

ஓகஸ்ட் 24, வெள்ளி

இன்றைக்கு எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

மச்சாளின் பஸ் வழியில் பழுதாகிவிட்டது. பத்தர் வந்து சட்டி வைத்துச் சிரட்டைக் கரி மூட்டின பிறகுதான் மச்சாள் வந்து சேர்ந்தார். மாற்றிக் கட்டக்கூட நேரம் இல்லை. அதே கசங்கின சீலையோடு வந்து சபையில் இருந்துவிட்டார். புகை படியால் இறங்கிப் போக, காவல்காரன் மேலே ஓடிவந்தான். அவனுக்கும் ஒரு வடையைக் கொடுத்து அனுப்பினேன்.

இவர் பட்டு வேட்டி கட்டி, சால்வை போட்டு, மடியில் காசுப் பையை வைத்துக்கொண்டு ராசா மாதிரி இருந்தார். ஐங்கரன் வெற்றிலைத் தட்டத்தை நீட்டினான்.

"அப்பா, காசை வையுங்கோ."

"யானை வரேல்லை" என்றார் இவர்.

"பரவாயில்லை அப்பா, மானை வையுங்கோ."

"யானை வராமல் ஒண்டும் அசையாது!"

சத்தமாகச் சொன்னார். பெண்ணின் பெரியப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்தர் ஊதுகுழலைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நல்ல நேரம் முடிந்துகொண்டிருந்தது. ஐங்கரன் பையை மெல்ல எடுக்கப் பார்த்தான். இவர் அவன் கையைத் தட்டிவிட்டார்.

மச்சாள் என் சீலையைப் பிடித்து இழுத்தார். காது கேட்காதவர்கள் கதைப்பது மாதிரி, எல்லாருக்கும் கேட்கத்தான் கேட்டார்.

"மலர், எந்த யானையைக் கேக்கிறான் இவன்?"

நான் அவருடைய காதுக்குள் சொன்னேன். "யானைக் காசு மச்சாள். சறோசாக்கா வைச்ச காசு. காணேல்லை."

"அதெங்கை இனிக் காண? அது எப்பவோ உருக்கியாச்சு."

"எப்ப மச்சாள்?"

"உன்ரை பொன்னுருக்கிலை. உனக்கெங்கை தெரியும், பொம்பிளை வாறதில்லையே. நான் மறிச்சனான், அது பெடியனுக்கு வைச்ச காசடா எண்டு. இவன் கேக்கேல்லை. 'பெடியனைக் கொண்டு நடக்கப்போறது அவள்தானக்கா, யானை அவளோடை நிக்கட்டும்' எண்டான். நீ கழுத்திலை கட்டியிருக்கிறாயே, அதுதான். இப்ப கெதியா வேறை ஒண்டை எடுத்துக் குடு, நேரம் போகுது."

சட்டைக்குள் ஊசி குத்தி ஒளித்து வைத்திருந்த தாலி நெஞ்சில் சுட்டது. உண்மையாகவே சுட்டது, கரிச் சட்டியை நெஞ்சில் வைத்தது மாதிரி. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தத் தாய் என் கையைப் பிடித்து, வேறு ஒருத்தியின் கை படக்கூடாது என்று சொன்னபோது இந்த மனுசன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாரே. ஒரு வார்த்தை. அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இவ்வளவு காலம் ஒரு பெட்டிக்குப் பயந்து வாழ்ந்திருக்க மாட்டேன். சபையில் அத்தனை பேர் இல்லாவிட்டால் இவரைப் பிடித்து உலுக்கியிருப்பேன்.

இவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. தொலைத்த பொருளைத் தேடுகிற பிள்ளையின் முகம்.

நான் போய் முன்னால் முழங்காலில் இருந்தேன். ஊசியைக் கழற்றினேன். சம்பந்தி வீட்டார் பார்க்கப் பார்க்கத் தாலியை வெளியே எடுத்து இவருடைய கையில் வைத்தேன்.

"இந்தாருங்கோ. இஞ்சைதான் நிக்குது. நீங்கள்தானே குடுத்தனீங்கள்."

கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலால் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"குட்டியும் நிக்குதே?" என்று கேட்டார்.

"நிக்குது" என்றேன். ஐங்கரன் எனக்குப் பின்னால்தான் நின்றான்.

கையை விட்டார். பைக்குள் கை விட்டுத் தட்டுப்பட்ட காசை எடுத்துத் தட்டத்தில் வைத்தார். மச்சாள் குனிந்து பார்த்து, "ஐயோ, நரியல்லோ இது!" என்று கத்தினார். "கழுதைப்புலி மாமி" என்றான் ஐங்கரன். பெண்ணின் பெரியப்பா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. மாற்றி வைக்க நேரம் இல்லை. பத்தர் வாங்கிச் சட்டிக்குள் போட்டு ஊதினார். முதுகு உருகியது, கால்கள் உருகின. காது இரண்டும் கடைசிவரை நிமிர்ந்தபடி நின்று உள்ளே போயின. பிறகு வெறும் பொன்தான், நல்ல பொன்.

எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு ஐங்கரன் குசினிக்கு வந்தான். மாமி சொன்னது அவனுக்கும் கேட்டிருக்கும், எல்லாருக்கும்தான் கேட்டது. என் கழுத்தைப் பார்த்தான். பழைய கீறல் தெரிந்திருக்க வேண்டும். "சீப்பு?" என்றான். "ஓம், சீப்பு" என்றேன். என் தோளில் நாடியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான்.

ஓகஸ்ட் 26, ஞாயிறு

இரண்டு நாளாகத் தாலியைக் கண்ணாடியில் பார்க்கிறேன். மூளிப் பொன், ஒரு உருவமும் தெரியவில்லை. என்ன தெரியும் என்று எதிர்பார்த்தேனோ.

அக்கா, நான் உங்களைக் கதவடியிலும் படத்திலும் தேடிக்கொண்டிருந்தேன். குளிக்கும்போதும் படுக்கும்போதும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து நான் விடியவிடியத் தூக்கி நடந்தபோதும் நீங்கள் என் நெஞ்சில்தான் இருந்திருக்கிறீர்கள். போங்கள் என்று இனி எப்படிச் சொல்வது? கழற்றி வைக்கவும் முடியாது.

பயம் போகவில்லை. ஆனால் முந்தின பயம் இல்லை.

ஓகஸ்ட் 30, வியாழன்

கலியாணம் முடிந்தது. கழுதைப்புலியைத் தர்சிகா நல்ல வடிவாகக் கட்டியிருக்கிறாள்.

செப்டெம்பர் 12, புதன்

சாப்பாடு: சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. கோபம்: இல்லை. மறந்தது: இனி இதை எழுதப்போவதில்லை என்று நினைக்கிறேன்.

பிள்ளைகளைக் காலையில் விமானம் ஏற்றிவிட்டு வந்தோம். ஐங்கரனின் அறையைக் கூட்டினேன். அக்காவின் படத்தை அவன் பெட்டிக்குள் வைத்து எடுத்துப் போகிறான் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. "அது உங்களோடை இருக்கட்டும் அம்மா" என்றான். சரி, இருக்கட்டும். தூசி தட்டி, விறாந்தையில், எல்லாரும் பார்க்கிற இடத்தில் மாட்டினேன்.

பின்னேரம் விளக்கேற்றிவிட்டு வர, இவர் பல்கனியில் கிண்ணத்தில் தண்ணீர் விட்டுக் காசுகளை நிறுத்திக்கொண்டிருந்தார்.

"கழுதைப்புலி எங்கை?"

"மெல்பேர்ணுக்குப் போட்டுது."

"ம்" என்றார். அதற்கு மேல் விசாரிக்கவில்லை.

கடல் பக்கத்து இடைவெளியை இன்றும் விட்டிருந்தார். நான் இங்கே எப்போதும் கதிரையில்தான் இருப்பேன், நிலத்தில் இருந்தால் எழும்புவது கஷ்டம். இன்று சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, அந்த இடைவெளியில் போய் நிலத்தில் இருந்தேன். சிங்கம் ஒரு பக்கம், காட்டு நாய் ஒரு பக்கம். இவர் நிமிர்ந்து பார்த்தார். சிங்கத்தை எடுத்துக் கொஞ்சம் தள்ளி வைத்தார். காட்டு நாயையும் தள்ளி வைத்தார்.

"வந்திட்டீர்" என்றார். பிறகு என் பின்னால் எட்டிப் பார்த்தார். "குட்டி எங்கை?"

"வளந்திட்டுது. தன்ரை பாட்டிலை போட்டுது."

தலையாட்டினார். கிண்ணத்தை இரண்டு கையாலும் என் பக்கம் நகர்த்தினார்.

"குடியும். நெடுந்தூரம் நடந்து வந்தனீர்."

யாரிடம் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தேன். வெண்கலத்தின் மணம், குளிர்ந்த தண்ணீர். தாகமாகத்தான் இருந்தேன். ஒரு விரலளவு குடித்துவிட்டுக் கீழே வைத்தேன். நாளைக் காலையில் தண்ணீர் குறைந்திருந்தால் யார் குடித்தது என்று எனக்குத் தெரியும்.